எமனும் அதுவே, மருந்தும் அதுவே

கோலார் பக்கம் ஒரு கிராமக் கிளையில் இருந்தபோது நடந்தது. வரப்புக்கு இந்தப் பக்கம் தக்காளி, அந்தப் பக்கம் மல்பெரி. இரண்டுக்கும் கடன் கொடுத்தவன் அடியேன்தான். தக்காளிக்காரர் வெள்ளை ஈக்கு 'பிவேரியா பேசியானா' என்று ஒரு பாக்கெட்டைக் காட்டி, "பூஞ்சை மருந்து சார், விஷமே இல்லை" என்றார். பட்டுக்காரர் முகம் வெளுத்துவிட்டது. "ஐயோ, அது சுண்ணகட்டு சார்!"

பி.காம். படித்தவனுக்கு என்ன தெரியும்? முழித்தேன். பிறகு தேடிப் படித்ததில் கிடைத்த கதை இது.

இத்தாலியில் லோடி ஊர்ப்பக்கம் அகோஸ்டினோ பாஸி என்று ஒருவர். படித்தது சட்டம், பார்த்தது அரசாங்க உத்தியோகம். (நம்ம ஜாதி!) கண்பார்வை மங்கியதால் வேலையை விட்டார். அங்கே பட்டுப்புழுக்கள் செத்து, சுண்ணாம்பு பூசியதுபோல் விறைத்துக் கிடந்தன. 1807-ல் அதை ஆராயத் தொடங்கியவர், 1835-ல்தான் முடிவை வெளியிட்டார். அந்த வெள்ளைப் பொடி உயிருள்ள பூஞ்சை, புழுவுக்குப் புழு தொற்றுகிறது என்றார். பாஸ்டருக்கும் கோக்குக்கும் பல வருடங்கள் முன்பே! அந்தப் பூஞ்சையின் பெயரில்தான் இன்றும் பாஸி இருக்கிறார்.

பட்டைக் கொல்வது பயிர்ப்பூச்சியைக் கொல்லாதா? 1879-ல் ருஷ்ய விஞ்ஞானி மெச்னிகோவ், கோதுமை வண்டுமேல் மெட்டாரைசியம் என்ற இன்னொரு பூஞ்சையை ஏவிப் பார்த்தார். இன்றைய பாக்கெட்டுகளுக்கு அதுதான் பிள்ளையார் சுழி.

பூச்சி இதைத் தின்ன வேண்டியதில்லை. வித்து தோலில் ஒட்டி, முளைத்து, தோலைக் கரைத்து உள்ளே போகும். சில நாளில் பூச்சி காலி. ஈரப்பதம் வேண்டும், வெயில் ஆகாது. அதனால் மாலையில் தெளிக்கவேண்டும். பூஞ்சைக்கொல்லியோடு கலந்தால் காசு தண்டம்.

நம் கதைக்கு வருவோம். பட்டுக்காரர் பயந்ததில் தப்பே இல்லை. பட்டு வளர்க்கும் இடத்துக்கு அருகில் இதைத் தெளிக்கக்கூடாது என்பதுதான் விதி. தக்காளிக்காரர் நல்ல மனுஷர். பாக்கெட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மஞ்சள் ஒட்டுப்பொறி கட்டினார்.

அன்றிலிருந்து காய்கறிக் கடன் என்று யார் வந்தாலும், "பக்கத்து நிலத்தில் என்ன?" என்று கேட்காமல் கையெழுத்துப் போடுவதில்லை. ஒருவர் கணக்கில் வரவு, இன்னொருவர் கணக்கில் பற்றாகிவிடக் கூடாது, இல்லையா?