ஹாவர்த் குருமனையின் சாப்பாட்டு மேசை

'ஜேன் அயர்' நாவலை எங்களில் பலர் பாடசாலை நூலகத்தில்தான் முதலில் எடுத்து வாசித்தோம். அதன் பெரும்பகுதி எழுதப்பட்ட மேசை இன்றும் இருக்கிறது. இங்கிலாந்தின் யோர்க்ஷயரில் உள்ள ஹாவர்த் என்ற மேட்டுநிலக் கிராமத்தின் குருமனையில், பற்றிக் புரொன்டே என்ற குருவானவர் 1820 முதல் குடும்பத்தோடு வாழ்ந்தார். 1928 இலிருந்து அந்த வீடு நூதனசாலை.

வாசலுக்கு வலப்பக்கம் தகப்பனின் வாசிப்பறை. அங்குள்ள பூதக்கண்ணாடிக்கு ஒரு கதை உண்டு. 1846 ஓகஸ்டில் மான்செஸ்ரரில் அவருக்குக் கண்புரைச் சத்திரசிகிச்சை நடந்தது, மயக்கமருந்து இல்லாமல்! ஈதர் மயக்கம் பொஸ்ரனில் பகிரங்கமாகக் காட்டப்பட்டதே அந்த ஒக்டோபரில்தான். இருட்டறையில் கிடந்த தகப்பனுக்குத் துணையிருந்த நாட்களில் சார்லட் 'ஜேன் அயர்' எழுதத் தொடங்கினார்.

இடப்பக்கம் சாப்பாட்டறை. இரவில் மூன்று சகோதரிகளும் மேசையைச் சுற்றி நடந்தபடி எழுதியதை வாசித்துக்காட்டுவார்கள். 1847 இல் மூவரின் நாவல்களும் வெளிவந்தன. அடுத்த ஆண்டு டிசம்பரில் எமிலி இறந்தார்; அங்குள்ள சோபாவில்தான் என்பது வழிவழிப் பேச்சு. 1849 மே மாதத்தில் ஆனும் போனார். அதன்பின் சார்லட் தனியே சுற்றி நடக்கும் காலடியோசை கேட்டு வீட்டுப் பணிப்பெண் மனம் நொந்தாராம்.

யன்னலுக்கு வெளியே சேமக்காலை. அங்கிருந்து ஊறிய நீர்தான் சகோதரிகளைக் கொன்றது என்று சிலர் எழுதுவதை ஒரு மருத்துவராக என்னால் ஏற்க முடியவில்லை. காசநோய் காற்றால், நெருங்கிப் படுக்கும் சிறு அறைகளால் தொற்றுவது. மூத்த சகோதரிகள் மரியாவும் எலிசபெத்தும் விடுதிப் பாடசாலையிலிருந்து அந்த நோயோடு திரும்பி 1825 இல் இறந்தார்கள். 'ஜேன் அயரி'ல் வரும் லோவுட் பாடசாலைக்கு மூலம் அதுதான். ஆனால் ஊர்த் தண்ணீர் கெட்டிருந்தது உண்மை. பற்றிக்கின் விடாமுயற்சியால் வந்த 1850 ஆம் ஆண்டு அறிக்கையின்படி, அங்கு இறந்தோரின் சராசரி வயது 25.8, 41.6 வீதமானோர் ஆறு வயதுக்கு முன்பே இறந்தவர்கள்.

தன் ஆறு பிள்ளைகளையும் பறிகொடுத்த பற்றிக் 1861 இல் 84 வயதில் காலமானதும் தளபாடங்கள் ஏலத்தில் போயின. மேசை 2015 இல் 580,000 பவுணுக்கு வாங்கப்பட்டு நூதனசாலைக்குச் சொந்தமாயிற்று. மைக்கறை, மெழுகுதிரி சுட்ட தழும்பு, யாரோ செதுக்கிய ஆங்கில 'ஈ' எழுத்து எல்லாம் அதில் அப்படியே இருக்கின்றன.