ஒளி உமிழும் பலபடிகள்: ரிச்சர்டு பிரெண்டின் ஆய்வு

சர் ரிச்சர்டு பிரெண்டு (பிறப்பு: 1953) இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இயற்பியலாளர். பிளாஸ்டிக் மின்சாரத்தைக் கடத்தாது என்றே பாடநூல்கள் கூறின. நானும் வகுப்பில் அப்படித்தான் கற்பித்தேன். ஆனால் 1977இலேயே சிராகாவா, மெக்டயர்மிட், ஹீகர் ஆகியோர் பாலி அசிட்டிலீன் படலத்தில் அயோடின் ஆவியை ஏற்றி, அதன் கடத்துதிறனைப் பல இலட்சம் மடங்கு உயர்த்தியிருந்தனர். இதற்காக 2000இல் நோபல் பரிசு பெற்றனர்.

பிரெண்டின் குழு அதே பலபடியில் டிரான்சிஸ்டர் செய்து பார்த்தது. 1989இல் குழுவின் இளம் ஆய்வாளர் ஜெரமி பரோஸ், பாலி பாரா பினைலீன் வினைலீன் என்னும் வேறொரு பலபடியில் மின்சாரம் செலுத்தியபோது அது மஞ்சள் கலந்த பச்சையாக ஒளிர்ந்தது. விளக்கு செய்வது அவர்களது நோக்கமே அல்ல.

இப்பலபடி கரைப்பான்களில் கரையாது. பிறகு எப்படிப் படலமாக்குவது? வேதியியலாளர் ஆண்ட்ரூ ஹோம்சின் பங்கு இங்கே பெரிது. கரையக்கூடிய முன்னோடிப் பொருளைக் கண்ணாடி மேல் பூசிச் சூடேற்றினால், வேண்டிய பலபடி அங்கேயே உருவாகிவிடும். ஒரு மின்முனையிலிருந்து எலக்ட்ரான்களும் மற்றொன்றிலிருந்து துளைகளும் படலத்துள் நுழைகின்றன. அவை இணையும்போது ஒளி பிறக்கிறது.

1990 அக்டோபரில் நேச்சர் இதழில் வெளியான கட்டுரை குறிப்பிட்ட திறன் அதிகபட்சம் 0.05 விழுக்காடு. அதாவது, செலுத்திய 2,000 எலக்ட்ரான்களுக்கு ஒரே ஒரு ஒளித்துகள்!

மாணவர்கள் ஒன்றைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. இன்றைய கைபேசிகளின் ஓஎல்இடி திரைகளில் பெரும்பாலும் இருப்பவை பலபடிகள் அல்ல, சிறு மூலக்கூறுகள். அந்த வழியைக் கோடாக் நிறுவனத்தின் சிங் டாங், ஸ்டீவன் வான் ஸ்லைக் இருவரும் 1987இலேயே வெளியிட்டனர். பலபடியை மைபோல அச்சிடலாம் என்ற நம்பிக்கையுடன் 1992இல் தொடங்கப்பட்ட கேம்பிரிட்ஜ் டிஸ்ப்ளே டெக்னாலஜி நிறுவனத்தை 2007இல் ஜப்பானின் சுமிட்டோமோ கெமிக்கல் வாங்கிக்கொண்டது.