காரைக்காலில் இரண்டு சட்டங்கள்

கோவை மாவட்ட ஆட்சியர் ஜான் சல்லிவன் நீலகிரி மலையேறி வந்து, கோத்தகிரியை அடுத்த கன்னேரிமுக்கில் வீடு அமைத்த ஆண்டு 1819. அதே ஆண்டு சனவரி 6 அன்று புதுச்சேரியில் பிறப்பிக்கப்பட்ட ஆணையொன்று, தமிழ்க் கடற்கரையின் ஒரு சிறு பகுதியை முற்றிலும் வேறான சட்ட உலகத்தில் சேர்த்தது. நெப்போலியன் காலத்தில் தொகுக்கப்பட்ட பிரெஞ்சுச் சட்டங்கள் அவ்வாணையால் பிரெஞ்சிந்தியாவில் நடைமுறைக்கு வந்தன.

1804-இல் இயற்றப்பட்ட பிரெஞ்சு உரிமையியல் சட்டம் 2281 பிரிவுகளைக் கொண்டது. அதைத் தொடர்ந்து உரிமையியல் நடைமுறை, வணிகம், குற்றவிசாரணை, தண்டனை ஆகியவற்றுக்கும் தனித்தனித் தொகுப்புகள் உருவாயின. வணிகர் நாள்தோறும் கணக்கேடு எழுத வேண்டும். ஆண்டுதோறும் இருப்புப் பட்டியல் எடுக்க வேண்டும். முக்கியமான பத்திரங்கள் நொத்தேர் என்னும் அரசு அலுவலர் முன்னிலையில் எழுதப்பட வேண்டும். இவ்வாறு பொதுவாழ்வின் பல துறைகளும் எழுத்துச் சட்டத்தின் வரம்புக்குள் வந்தன. 1880-இல் உள்ளாட்சிக்காகப் பத்துக் கொம்யூன்கள் அமைக்கப்பட்டன. 1907-இல் அவை பதினேழாயின. கொம்யூன் பஞ்சாயத்து என்னும் பெயர் புதுச்சேரியில் இன்றும் வழங்குகிறது.

ஆனால் 1819-ஆம் ஆண்டு ஆணை மற்றொன்றையும் கூறியது. இந்துக்கள், முஸ்லிம்கள், கிறித்தவர் எவராயினும், இந்தியர்கள் முன்போலவே தத்தம் சட்டங்கள், வழக்கங்களின்படியே நீதி பெறுவர் என்பதே அது. அவ்வழக்கங்கள் குறித்து நீதிமன்றங்களுக்குக் கருத்துரைக்க 1827-இல் இந்தியர்களைக் கொண்ட ஆலோசனைக் குழு ஒன்று நிறுவப்பட்டது. நாளடைவில் கடையும் ஒப்பந்தமும் பிரெஞ்சுத் தொகுப்பின்கீழ் வர, நிக்காஹ், மஹர், வாரிசுரிமை ஆகியவை ஷரீஅத்தின்கீழ் நின்றன. காரைக்கால் மரைக்காயர் ஒருவரின் வணிகக் கணக்கை ஒரு சட்டம் அளந்தது. அவர் மறைந்தபின் அச்சொத்தை மற்றொரு சட்டம் பங்கிட்டது.

1881 செப்டம்பர் 21-ஆம் நாள் வெளியான ஆணை, விரும்பியோர் தம் சமூகச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்கலாம் என்றது. சாதி, சமய வேறுபாடின்றி அனைவருக்கும் அவ்வழி திறந்திருந்தது. புதுச்சேரி வழக்கறிஞர் பொன்னுத்தம்பிப் பிள்ளை இதில் முன்னின்று, லாப்போர்த் என்னும் குடும்பப்பெயரை ஏற்றார். இவ்வாறு துறந்தோர் 'ரெனோன்சான்' எனப்பட்டனர். அம்முடிவை மீளப்பெற இயலாது. தந்தையின் கையொப்பம் வயதுவராத பிள்ளைகளையும் கட்டுப்படுத்தியது.

ஒரு முஸ்லிம் குடும்பம் இதனால் எதைப் பெற்றது, எதை இழந்தது? பிரெஞ்சுச் சட்டத்தில் மகனும் மகளும் சமபங்கு பெறுவர்; ஷரீஅத்தில் மகளின் பங்கு மகனின் பங்கில் பாதி. ஆனால் 1804-ஆம் ஆண்டுச் சட்டத்தில், இறந்தவருக்கு வாரிசாகத் தக்க இரத்த உறவினர் ஒருவர் இருந்தாலும் மனைவிக்குச் சொத்துரிமை இல்லை. 1891-இல்தான் கைம்பெண்ணுக்குக் கணவர் சொத்தின் ஒரு பகுதியில் அனுபவ உரிமை கிடைத்தது. ஷரீஅத்திலோ, பிள்ளைகள் உள்ள கைம்பெண்ணுக்கும் எட்டில் ஒரு பங்கு தொடக்கம் முதலே உறுதி. மணமான பெண் தன் சொத்தைத் தானே விற்கும் உரிமையும் அவ்வாறே. பாரிஸ் சட்டம் அதற்குக் கணவரின் இசைவைக் கேட்டது. ஃபிக்ஹு நூல்கள் கேட்கவில்லை. எனவே எது முற்போக்கானது என்ற கேள்விக்கு ஒரு சொல்லில் விடை கூற இயலாது.

அல்ஜீரியாவின் நிலை வேறு. 1865-ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஷரீஅத்தின் தனிநபர்ச் சட்டத்தை விட்டாலன்றி அந்நாட்டு முஸ்லிம் முழுக் குடியுரிமை பெற இயலாது. மிகச் சிலரே அவ்வாறு விட்டனர். பிரெஞ்சிந்தியாவில் வாக்குரிமை பெறச் சமூகச் சட்டத்தைத் துறக்க வேண்டியிருக்கவில்லை. உதுமானியப் பேரரசு மூன்றாவது வழியைத் தேடியது. 1850-இல் பிரெஞ்சு வணிகச் சட்டத்தைத் தழுவிய அப்பேரரசு, அஹ்மத் ஜவ்தத் பாஷாவின் தலைமையில் 1869 முதல் 1876 வரை ஹனஃபீ ஃபிக்ஹையே 1851 பிரிவுகளாகத் தொகுத்தது. அதுவே 'மஜல்லா'. தொகுப்பு என்னும் வடிவத்தை ஏற்கையில் உள்ளடக்கத்தை இழக்க வேண்டியதில்லை என்பதை அது காட்டியது.

1954 நவம்பர் 1 அன்று ஆட்சி இந்தியாவின் கைக்கு மாறியது. 1962 ஆகஸ்ட் 16 அன்று இணைப்பு சட்டப்படி நிறைவுற்றது. பின்னர் இந்தியச் சட்டங்கள் படிப்படியாக வந்தன. 1937-ஆம் ஆண்டு ஷரீஅத் சட்டம் 1968-இல் புதுச்சேரிக்கு நீட்டிக்கப்பட்டபோது, ரெனோன்சான்களுக்கு அது பொருந்தாது என விலக்களிக்கப்பட்டது. அவர்களுக்குரிய பிரெஞ்சுச் சட்டமோ இணைப்புக் காலத்து வடிவிலேயே நின்றுவிட்டது. மணமான பெண்களின் உரிமையை விரிவாக்கிப் பிரான்ஸ் 1965-இல் கொண்டுவந்த திருத்தம் இங்கு வந்து சேரவில்லை.

பொது உரிமையியல் சட்டம் பற்றிய விவாதங்களில் கோவா அடிக்கடி எடுத்துக்காட்டப்படுகிறது. புதுச்சேரியும் காரைக்காலும் அரிதாகவே பேசப்படுகின்றன. சந்தைக்கு ஒரே சட்டமும் இல்லத்துக்கு அவரவர் சட்டமுமாக ஒரு நிலப்பகுதி நெடுங்காலம் வாழ்ந்திருக்கிறது என்பதற்கும், எழுதப்பட்ட சட்டமும் திருத்துவோர் இல்லையேல் உறைந்துவிடும் என்பதற்கும் அவையே சான்று.