சுண்ணாம்புச் சத்தும் மூளையின் இரத்தக் குழாயும்

சுண்ணாம்பு நமக்குப் புதிய பொருள் அன்று. வெற்றிலையில் தடவுகிறோம், பொங்கல் வந்தால் சுவருக்குப் பூசுகிறோம். அதிலுள்ள கால்சியம் என்னும் சத்துதான் நம் எலும்புக்கும் பல்லுக்கும் உறுதி தருகிறது என்பதைப் பள்ளிப் பிள்ளைகளும் அறிவர். ஆனால், இதயம் துடிப்பதற்கும் இரத்தக் குழாய் சுருங்குவதற்கும் அதே சத்து வேண்டும் என்பதை உலகம் அறிந்து ஒன்றரை நூற்றாண்டுகூட ஆகவில்லை. அந்த அறிவு மூளை நோயாளிகளுக்கு எவ்வாறு பயன்பட்டது என்ற வரலாற்றை இன்று காண்போம்.

1882ஆம் ஆண்டில் இலண்டனில் சிட்னி ரிங்கர் என்ற மருத்துவர், தவளையின் இதயத்தை உப்பு நீரில் வைத்து ஆராய்ந்து வந்தார். இதயம் நெடுநேரம் துடித்தது. பின்னர்தான் ஓர் உண்மை தெரிந்தது. உப்பைக் கரைத்தது காய்ச்சி வடித்த தூய நீரில் அன்று. குழாயில் வந்த நீரில்! தூய நீரைக் கொண்டு மீண்டும் செய்தபோது துடிப்பு விரைவில் நின்றது. குழாய் நீரிலிருந்த சிறிதளவு சுண்ணாம்புச் சத்தே காரணம் என்று 1883இல் அவர் எழுதி வெளியிட்டார்.

ஏறத்தாழ எண்பது ஆண்டுகள் சென்றன. 1960களில் ஜெர்மனியின் ஃப்ரைபுர்க் நகரில் ஆல்பிரெக்ட் ஃப்ளெக்கன்ஸ்டைன் என்ற அறிஞர், சில மருந்துகளைப் பெற்ற இதயத் தசை, கால்சியம் கிடைக்காத தசையைப் போலவே தளர்வதைக் கண்டார். கால்சியத்தைக் கூட்டியதும் வலிமை திரும்பியது. வாய்க்கால் மதகை நினைத்துக்கொள்வோம். மதகை இறக்கினால் வயலுக்குப் பாயும் நீர் குறைகிறது. அதுபோல, தசைக்குள் கால்சியம் நுழையும் வழியை இம்மருந்துகள் அடைக்கின்றன. தசை தளர்கிறது, இரத்தக் குழாய் விரிகிறது. இரத்தக் கொதிப்புக்கு இன்று பலர் உட்கொள்ளும் அம்லோடிபின் மாத்திரையும் இவ்வினத்தைச் சேர்ந்ததே. இதைக் கேட்டுவிட்டு, பாலையோ மீனையோ நிறுத்தினால் குழாய் விரியும் என்று எண்ணிவிடக் கூடாது.

இனி மூளைக்கு வருவோம். சிலருக்கு மூளையின் இரத்தக் குழாயில் குமிழ் போன்ற வீக்கம் உண்டாகிறது. அது வெடித்தால் மூளையைச் சுற்றி இரத்தம் பரவும். தமிழகத்தில் வேலூரில் 1949இல் டாக்டர் ஜேக்கப் சாண்டியும், சென்னையில் 1950இல் டாக்டர் பா. இராமமூர்த்தியும் மூளை அறுவை மருத்துவத்தைத் தொடங்கிய காலத்தில், உலகெங்கும் அறுவை மருத்துவர்களுக்கு இந்நோய் பெரும் சோதனையாக இருந்தது. வெடித்த இடத்தை அடைத்த பிறகும், சில நாளில் நோயாளியின் கை கால் விழுந்துவிடும். காரணம் என்ன? பரவிய இரத்தத்தால் பக்கத்துக் குழாய்கள் சுருங்கிவிடுகின்றன. இதை 1951இல் அமெரிக்க மருத்துவர்கள் எக்கரும் ரீமன்ஷ்னைடரும் எக்ஸ்ரே படங்களில் காட்டினர். இச்சுருக்கம் மூன்று நான்கு நாளில் தொடங்கி, ஒரு வாரம் பத்து நாளில் உச்சம் அடைந்து, மூன்று வாரத்திற்குள் தணியும்.

ஜெர்மனியில் உருவான நிமோடிபின் என்ற மருந்தை இவர்களுக்குக் கொடுத்துப் பார்த்தனர். 1983இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வில், போலி மருந்து பெற்ற 60 பேரில் 8 பேர் குழாய்ச் சுருக்கத்தால் கடுமையாக முடங்கினர் அல்லது இறந்தனர். நிமோடிபின் பெற்ற 56 பேரில் அந்நிலைக்கு ஆளானவர் 1 நபரே. 1989இல் பிரிட்டனில் 554 நோயாளிகளிடம் நடந்த ஆய்வு வெளியாயிற்று. நான்கு மணிக்கு ஒரு முறை, 21 நாள் மருந்து கொடுத்தனர். இரத்தம் கிடைக்காமல் மூளையின் ஒரு பகுதி அழிந்தவர்கள் நூற்றுக்கு 33 என்பதிலிருந்து 22ஆகக் குறைந்தனர்.

இதில் ஒரு வியப்பு உண்டு. படமெடுத்துப் பார்த்தால் குழாய்கள் அவ்வளவாக விரிந்திருக்கவில்லை. ஆயினும் நோயாளிகள் தேறினர். மூளையின் செல்களையே இம்மருந்து காக்கிறது போலும் என்று அறிஞர் கருதுகின்றனர். எவ்வாறாயினும் பயன் உறுதியானது. இன்றும் அது வழக்கிலுள்ளது.

நேயர்களே, இந்த 21 நாள் மருந்து மருத்துவமனைக்கு வந்து சேர்ந்தவருக்கே பயன்படும். லாபிஸ் வட்டாரத் தோட்டங்களிலிருந்து சிகாமட் மருத்துவமனைக்கும், அங்கிருந்து மூளை அறுவைப் பிரிவுள்ள ஜொகூர் பாருவின் சுல்தானா அமினா மருத்துவமனைக்கும் போவதற்கு நேரம் பிடிக்கும். ஆகவே வீட்டில் வீணாகும் நேரமே நம் கையில் உள்ள நேரம். இடி விழுந்தாற்போல் திடீரென்று, என்றும் காணாத தலைவலி. கூடவே வாந்தி, கழுத்து விறைப்பு, மயக்கம். இவற்றைக் கண்டால் தைலம் தடவித் துணி கட்டிப் படுக்க வைக்காதீர்கள். விடியட்டும் என்று காத்திராதீர்கள். பக்கத்து வீட்டாரின் கொதிப்பு மாத்திரையைக் கொடுக்காதீர்கள். உடனே 999க்கு அழையுங்கள்.

குமிழ் வெடிக்காமல் காக்கவும் வழி உண்டு. இரத்தக் கொதிப்பைக் கிளினிக்கில் அளந்து பார்ப்பதும், கொடுத்த மாத்திரையை இடைவிடாமல் உண்பதும், புகைப்பதை விடுவதும் அவ்வழியாகும். வகுப்பில் மதகின் படம் வரைந்து பிள்ளைகளுக்கு நாங்கள் இதைச் சொல்லிக் கொடுக்கிறோம். வீட்டில் தாத்தா பாட்டியிடம் அவர்கள் சொல்லும்போது பெரியவர்கள் செவி சாய்க்க வேண்டும்.