கேரியின் விடாமுயற்சியும் டாரத்தியின் பாடுகளும்

விடாமுயற்சியைக் குறித்து அருளுரை ஆற்றும் நம்மில் பலர் செராம்பூரின் தீ விபத்தை எடுத்துரைப்பதுண்டு. 1812ஆம் ஆண்டு மார்ச்சு 11ஆம் நாள் மாலை அங்குள்ள மிஷன் அச்சகத்தில் தீப்பற்றியது. அச்செழுத்துகளும், தாள்களும், வில்லியம் கேரி பல்லாண்டுகள் உழைத்துத் தொகுத்த பன்மொழி அகராதியின் கையெழுத்துப் படிகளும் சாம்பலாயின. கல்கத்தாவில் இருந்த கேரிக்கு மறுநாள் மார்ஷ்மன் சென்று செய்தி சொன்னார். அச்சுப்பொறிகள் தப்பின, எழுத்து வார்க்கும் அச்சுகள் இடிபாடுகளிடையே சிதையாமல் கிடைத்தன. சில மாதங்களுக்குள் பணி மீண்டும் நடைபெறலாயிற்று. இங்கிலாந்துச் சபைகளும் இழப்பை ஈடுசெய்ய விரைந்து உதவின. இவ்வரலாறு மெய்யானது, சொல்லத்தக்கதும்கூட. (அந்த அகராதி மட்டும் பின்னர் நிறைவு பெறவேயில்லை.) ஆனால் கேரியின் இல்லத்தில் அதற்கு முன்பே நேர்ந்த இழப்பு வேறு வகையானது. அதனை நாம் பெரும்பாலும் ஒரே வாக்கியத்தில் கடந்துவிடுகிறோம்.

டாரத்தி பிளாக்கெட் 1781இல் கேரியை மணந்தார். எழுத்தறியாத அவர் திருமணப் பதிவேட்டில் அடையாளக் கீறலே இட்டார். 1793இல் கணவர் இந்தியா செல்லத் துணிந்தபோது அவர் கருவுற்றிருந்தார், உடன்வர மறுத்தார். கேரி மூத்த மகன் பீலிக்ஸை மட்டும் அழைத்துக்கொண்டு புறப்பட்டார். அம்முதற் பயணம் தடைப்பட்டது. இடையில் குழந்தையும் பிறந்திருந்தது. கேரியும் உடன்பணியாளர் ஜான் தாமசும் திரும்பிவந்து மீண்டும் வற்புறுத்தவே, தம் உடன்பிறந்த கேத்தரினும் வருவதாயின் தாமும் வருவதாக டாரத்தி இசைந்தார். ஜூன் 13ஆம் நாள் அவர்கள் ஏறிய டேனியக் கப்பல் புறப்பட்டது. மறு ஆண்டு வங்காளத்தில் ஐந்து வயது மகன் பீட்டர் இறந்தான். 1795இலிருந்து டாரத்தியின் மனம் பேதலித்தது. கணவர்மீது ஆதாரமற்ற ஐயங்கள் அவரை ஆட்கொண்டன. அந்நோய் இறுதிவரை நீங்கவில்லை.

1800ஆம் ஆண்டு டிசம்பர் 28ஆம் நாளை மிஷன் வரலாறுகள் பெருமகிழ்ச்சியோடு நினைவுகூரும். ஏழாண்டுக் காத்திருப்பின்பின் கிருஷ்ண பால் என்னும் தச்சர் ஊக்ளி ஆற்றில் திருமுழுக்குப் பெற்றார். அவரோடு பீலிக்ஸும் திருமுழுக்குப் பெற்றான். அதே நாளில் ஓர் அறையில் தாமஸ் மனம் கலங்கிக் கதறிக்கொண்டிருந்தார். மற்றோர் அறையில் அச்சிறுவனின் தாய் அடைபட்டிருந்தார். தாமஸ் பின்னர்த் தெளிந்தார், டாரத்தி தெளியவில்லை. மறு ஆண்டு வெளியான வங்காளப் புதிய ஏற்பாடு இத்தகைய வீட்டிலிருந்து வந்த நூலேயாகும்.

கேரியைக் குற்றவாளியாக்குவது நம் நோக்கமன்று. நண்பர்கள் கூறியும் மனைவியைப் பித்தர் இல்லத்திற்கு அனுப்ப அவர் உடன்படவில்லை. அதுவும் ஒரு பொறுமையே. ரோமர் 5:3-4இல் பவுலடியார் ஆளும் 'ஹுப்பொமொனே' என்னும் கிரேக்கச் சொல், சுமையின்கீழ் நிலைத்திருத்தல் என்னும் பொருளுடையது. கேரி தம் சுமையைத் தாமே தேர்ந்துகொண்டார்; அதன் நோக்கத்தையும் அறிந்திருந்தார். டாரத்தியோ பிறர் தேர்ந்த சுமையின்கீழ் நிறுத்தப்பட்டவர். பாடுகள் நோக்கத்தை வெளிப்படுத்தும் என்று அவரிடம் யார் எவ்வாறு சொல்லியிருக்கக் கூடும்? ஆயர் பணிக்கு அனுப்பப்படும் இளைஞர்களின் மனைவியரை நாம் என்ன கேட்கிறோம், அல்லது கேட்காமலே விடுகிறோம் என்பதும் இதனோடு சேர்ந்த வினாவாகும்.

டாரத்தியின் எண்ணங்களைக் கணவரும் உடன்பணியாளரும் எழுதியவற்றின் வழியாகவே நாம் பெரிதும் அறிகிறோம். அவரை மையமாக வைத்து ஜேம்ஸ் பெக் எழுதிய வரலாறு 1992இல்தான் வெளிவந்தது. 1807 டிசம்பர் 8ஆம் நாள் டாரத்தி காய்ச்சலால் இறந்தார்; செராம்பூரிலேயே அடக்கம் செய்யப்பட்டார். அடுத்த அறையில் கேரி மொழிபெயர்த்துவந்த வங்காளப் பழைய ஏற்பாடு 1809இல் அச்சேறி முடிந்தது.