கம்பெனிக் கணக்கேட்டில் கடற்கரை மக்கள்

சின்னப்பா அரசரத்தினம் 1930இல் யாழ்ப்பாணத்தில் பிறந்தார். இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் லண்டனிலும் வரலாறு பயின்ற அவர் டச்சு மொழியையும் கற்றுக்கொண்டார். இலங்கையில் டச்சு ஆட்சியைப் பற்றிய அவரது முதல் நூல் 1958இல் ஆம்ஸ்டர்டாமில் வெளிவந்தது. பேராதனையிலும் மலாயாப் பல்கலைக்கழகத்திலும் கற்பித்த பின், 1970களில் ஆஸ்திரேலியாவின் ஆர்மிடேல் நகரிலுள்ள நியூ இங்கிலாந்து பல்கலைக்கழகத்துக்குப் போனார். மலேசிய, சிங்கப்பூர் இந்தியர்களின் வரலாற்றையும் 1970இல் நூலாக்கினார்.

ஆனால் அவர் பெயர் நிலைத்தது சோழமண்டலக் கரையால்தான். 1650 முதல் 1740 வரை அக்கரையில் நடந்த வணிகத்தை ஆராயும் பெருநூல் 1986இல் வந்தது. எண்ணூருக்கு வடக்கே பழவேற்காட்டில் டச்சுக்காரர் 1613இல் கெல்ட்ரியா கோட்டையைக் கட்டினர். 1639இல் ஆங்கிலேயர் சென்னையில் இடம் பெற்றனர். இவ்விரு நாட்டு வணிகக் கம்பெனிகளும் எழுதிவைத்த கடிதங்களும் கணக்குகளும் ஐரோப்பியரின் பார்வையிலானவை. அவற்றிலேயே உள்ளூர் வணிகரின் கையை அரசரத்தினம் தேடிக் கண்டார். துணி வாங்க வந்த கம்பெனிகள் நெசவாளரிடம் நேராகப் போக முடியவில்லை. காசி வீரண்ணா போன்ற பெருவணிகர்கள் நடுவில் நின்று, முன்பணம் வாங்கி, ஊர் ஊராகப் பிரித்துக் கொடுத்துத் துணி திரட்டினர். 1680இல் வீரண்ணா இறக்கும்வரை சென்னையின் ஏற்றுமதித் துணி பெரும்பாலும் அவர் கைவழியே போனது. ஆங்கிலேயக் கம்பெனியே அவரைச் சார்ந்திருந்தது என்பதே இதன் பொருள்.

இந்த வணிகத்தின் தடங்கள் வடசென்னையில் இன்றும் ஊர்ப்பெயர்களாக இருக்கின்றன. கோடித் துணியை வெளுத்தவர்கள் குடியிருந்த இடம் வண்ணாரப்பேட்டை. திருவொற்றியூரும் கத்திவாக்கமும் 1708இல் ஆங்கிலேயக் கம்பெனி பெற்ற ஐந்து ஊர்களில் அடங்கியவை. 1717 முதல் 1720 வரை ஆளுநராயிருந்த ஜோசப் காலட், திருவொற்றியூரை ஒட்டி நெசவாளரைக் குடியேற்றினார். அவர் பெயரே காலடிப்பேட்டை என்று மருவியது. வரி, காவல், நிலம் எல்லாம் கம்பெனியின் வசமாகும் காலத்துக்கு இந்தக் குடியேற்றம் ஒரு முன்னோட்டம் எனலாம்.

அந்த மாற்றத்தையே அரசரத்தினத்தின் பிற்கால ஆய்வு எடுத்துக்கொண்டது. முன்பணத்தைத் திருப்பித் தந்துவிட்டு வேறொருவருக்கு நெய்யும் உரிமை முன்பு நெசவாளருக்கு இருந்தது. 1750க்குப் பின் அரசியல் அதிகாரம் கைக்கு வந்ததும், கம்பெனி நடுவிலிருந்த வணிகரை ஒதுக்கித் தன் ஆட்களை நேரே தறிக்கு அனுப்பியது. பிறருக்கு நெய்வதைத் தடுத்தது. 1750 முதல் 1800 வரையான இந்த நிலையை விளக்கும் நூல் 1996இல் வெளியானது. இரண்டாண்டுகளில், 1998இல், அவர் காலமானார்.