இரையளவும் இடைவெளியும்: 1995 மலைப்பாம்புச் சோதனை ஒன்றின் மறுவாசிப்பு

வளர்ப்புப் பாம்புகளின் இரையூட்டம் பற்றிய எழுத்துகளில் ஒரு கருத்து கேள்வியின்றி நிலைத்துவிட்டது. ஓர் இரைக்கும் அடுத்த இரைக்கும் இடையே பாம்பின் குடல் சுருங்கி ஓய்கிறது. ஒவ்வொரு முறையும் அதை மீட்டெழுப்ப உடல் பெருஞ்செலவு செய்கிறது. எனவே அந்தச் செலவுக்குக் கட்டுப்படியாகும்படி பெரிய இரையை நீண்ட இடைவெளியில் கொடுப்பதே செரிமானத்துக்கு நல்லது என்பது அதன் சாரம். பர்மிய மலைப்பாம்புகளைக் கொண்டு ஸ்டீபன் சீகோரும் ஜாரெட் டயமண்டும் 1995இல் வெளியிட்ட ஆய்வே இதற்கு வேர். அந்த ஆய்வின் அளவீடுகளை நான் மறுக்கவில்லை. அவற்றிலிருந்து கூண்டுக்கான விதியைப் பிரித்தெடுத்த வாசிப்பு பிழையானது என்பதே என் வாதம்.

சோதனையின் அமைப்பு எளிது. ஏறத்தாழ ஒரு மாதம் பட்டினியிருந்த பாம்புகளுக்கு 30 பாகை செல்சியசில் உடல் எடையில் 25 விழுக்காடு இரை கொடுக்கப்பட்டது. ஆக்சிஜன் நுகர்வு ஓய்வுநிலையைப் போல ஏறக்குறைய 17 மடங்காக உயர்ந்தது. சிறுகுடலின் நிறை சுமார் இரட்டித்தது. செரிமானம் முடிந்ததும் எல்லாம் பழைய நிலைக்குத் திரும்பின. ஆய்வாளர்கள் இதற்கு வைத்த பெயர் பெட்ரோல் பங்கிலிருந்து வந்த உவமை: முதலில் பணத்தைக் கட்டு, பிறகு எரிபொருளை நிரப்பு. அதாவது, இரையிலிருந்து ஆற்றல் கிடைக்கும் முன்பே பாம்பு தன் கையிருப்பைச் செலவிட்டுக் குடலைத் தயாராக்குகிறது. அளவீடுகளைவிட இந்த உவமைதான் பரவியது என்பது என் கணிப்பு.

ஆனால் அந்த முன்பணம் எவ்வளவு என்பதில்தான் சிக்கல் முழுவதும் இருக்கிறது. மூச்சுவாயு அளவீடு மொத்தச் செலவைத்தான் காட்டும். இரைப்பையின் அமிலச் சுரப்பு, நொதிகள், உறிஞ்சிய அமினோ அமிலங்களிலிருந்து உடல் கட்டும் புரதம், குடலின் விரிவு எல்லாம் அந்த ஒரே வளைகோட்டுக்குள் கலந்து கிடக்கின்றன. அதில் குடலை மீட்டெழுப்பும் செலவே பெரும்பங்கு என்றது ஓர் அனுமானம். அனுமானமாக அது அறிவுக்கு ஒத்ததுதான். ஆனால் பின்னால் வந்த இரு ஆய்வுகளுக்குப் பிறகு அதை அப்படியே வைத்திருக்க முடியாது. மத்தியாஸ் ஸ்டார்க்கும் கேத்லீன் பீசேயும் 2001இல் அதே இனத்தின் குடற்சுவரை நுண்ணோக்கியில் ஆராய்ந்தனர். பட்டினியில் மடிந்து அடுக்காகக் கிடந்த செல்கள் இரை வந்ததும் பிரிந்து விரிந்து பருத்தன. குடல் பெருத்ததற்குப் புதிய செல்களின் பெருக்கம் காரணமாக இல்லை. மடித்து வைத்த கூடாரத்தை விரிப்பதற்கும் புதுக் கூடாரம் தைப்பதற்கும் கூலி ஒன்றல்ல. அடுத்த ஆண்டு ஓவர்கார்டு, ஆண்டர்சன், வாங் ஆகியோர் கேள்வியை நேராகவே சோதித்தனர். சில நாள் பட்டினி முதல் சுமார் இரண்டு மாதப் பட்டினி வரை பாம்புகளைப் பிரித்து ஒரே விகிதத்தில் இரை கொடுத்தனர். குடலெழுப்பும் செலவு பெரிதென்றால், நெடும்பட்டினிப் பாம்புகளின் செரிமானச் செலவு தெளிவாகக் கூடியிருக்க வேண்டும். கூடவில்லை.

இதிலிருந்து நான் எடுக்கும் முடிவு சற்றுத் துணிவானதுதான். முன்பணம் சிறிதென்றால், அதை ஈடுகட்டவே பெரிய இரை வேண்டும் என்ற வாதம் நிற்காது. அதே மூச்சில், குடல் தூங்கிவிடாமலிருக்க ஐந்து நாளைக்கொரு முறை ஊட்ட வேண்டும் என்ற எதிர்வாதமும் விழுகிறது. இரண்டும் ஒரே கணக்கின் இரு பக்கங்கள்.

அப்படியானால் 25 விழுக்காடு எங்கிருந்து வந்தது? மாற்றங்களைத் தெளிவாக அளக்கும்படி அவற்றைப் பெரிதாக்கிக் காட்டும் இரையளவு அது. பாம்பின் நலம் அச்சோதனையில் அளக்கப்பட்ட பொருளே அல்ல. இதைவிட வருத்தம் தருவது, அந்த எண்ணை எடுத்தாண்டவர்கள் அதனுடன் ஒட்டியிருந்த 30 பாகையை விட்டுவிட்டதுதான். ஊர்வனவற்றில் செரிமானத்தின் வேகம் உடல் வெப்பத்தைப் பொறுத்தது. வெப்பம் குறைந்த கூண்டில் அதே இரை பல மடங்கு நாள் வயிற்றில் கிடக்கும். அமிலமும் நொதியும் வேலையை முடிக்கும் முன் இரை அழுகத் தொடங்கும், பாம்பு கக்கும். கக்கிய பாம்புக்கு மறுநாளே மீண்டும் பெரிய எலியைக் காட்டும் வழக்கத்தை நினைத்தால் மனம் பதறுகிறது. இரண்டு வாரமாவது ஓய்வு, பிறகு வழக்கத்தில் பாதிக்கும் குறைவான இரை என்பதே அனுபவமுள்ளோர் வழி.

இனவேறுபாடும் இந்த வாசிப்பில் காணாமற்போயிற்று. சீகோரும் டயமண்டுமே 2000ஆம் ஆண்டில் எட்டு இனங்களை ஒப்பிட்டுக் காட்டினர்: பதுங்கிக் காத்திருந்து எப்போதோ இரை எடுக்கும் இனங்களில்தான் இந்தப் பேரேற்றம் உண்டு, அடிக்கடி இரை எடுக்கும் இனங்களில் குடல் பெரும்பாலும் தயார்நிலையிலேயே இருக்கிறது, ஏற்றமும் சிறிது. நமக்குத் தெரிந்த உதாரணத்தில் சொன்னால், கண்ணாடி விரியனின் பிழைப்பு வேறு, சாரையின் பிழைப்பு வேறு. அமெரிக்க வீடுகளில் வளரும் கார்ன் ஸ்னேக், கிங் ஸ்னேக் இரண்டும் இரை தேடி அலையும் சாரையின் பக்கத்தவை. அவற்றுக்கு மலைப்பாம்பின் அட்டவணையைப் பொருத்த அந்த ஆய்வாளர்களே இடம் தரவில்லை.

காட்டு மலைப்பாம்பு மானையே விழுங்குகிறதே என்பர். விழுங்கும், அடுத்த இரை எப்போது என்ற உறுதி அதற்கு இல்லை, வளர்ப்புப் பாம்புக்கு உண்டு. பல்லாண்டு இப்படி ஊட்டியும் என் பாம்பு நலமாகவே இருக்கிறது என்பதும் சான்றாகாது. மிகையூட்டத்தால் ஈரலில் கொழுப்பு படியும் நோய் வெளியே தெரியாமலே முற்றக்கூடியது. இனம், வயது, வெப்பம் மூன்றையும் பார்த்து மிதமான இரை; முந்திய இரையின் கழிவு வெளியேறிய பிறகே அடுத்தது. இதற்குமேல் ஒரு பொதுவிதியை இன்றுள்ள தரவுகள் தாங்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

இரையின் வகையும் இப்படித்தான். லூயிசெல்லியும் ஆஞ்செலிச்சியும் 1998இல் நைஜீரியாவின் பந்து மலைப்பாம்புகளைப் பற்றி எழுதியபோது, சிறிய ஆண்கள் பெரும்பாலும் பறவைகளையும் பெரிய பெண்கள் பாலூட்டிகளையும் தின்றதாகக் கண்டனர். எலி மட்டுமே அவ்வினத்தின் இயல்புணவு என்ற துணிபை இது தளர்த்துகிறது.

நம் வாசகர்களுக்காக ஒரு பெயர்ச் சிக்கலையும் குறிக்க வேண்டும். மேற்கண்ட ஆய்வுகளில் பர்மிய மலைப்பாம்பு 'பைத்தான் மொலூரஸ்' என்ற பெயரில் வருகிறது. 2009இல் அது 'பைத்தான் பைவிட்டேடஸ்' என்ற தனி இனமாகப் பிரிக்கப்பட்டது. பழைய பெயர் நம் மலைப்பாம்பிடம் தங்கிவிட்டது. பெயரை மட்டும் பார்ப்பவர், மீட்கப்பட்டுக் கூண்டில் இருக்கும் நம் மலைப்பாம்புக்கு அந்த எண்களை அப்படியே பொருத்திவிடக்கூடும். பரத்பூர் தேசியப் பூங்காவின் குளிர்காலத்தில் இதே மலைப்பாம்புகள் வளையைவிட்டு வெளியே வந்து பகல் வெயிலில் கிடக்கின்றன. கூண்டில் அந்த வெயிலுக்கு ஈடு செய்யாத வரை, இரையின் விழுக்காட்டைப் பற்றிப் பேசத் தொடங்குவதே அவசரம்.